மறுபடியம்மா

அந்த அம்மா ஒரு கேள்வியை ஒரு தடவையோடு விட்டதே கிடையாது. இன்றைக்குக் கேட்பார். எழுதிக்கொள்வார். எட்டுப் பத்து நாள் கழித்து வந்து அதே கேள்வியை, அதே வார்த்தையில், இப்போதுதான் தோன்றியது மாதிரி கேட்பார்.

“போன வாரமே சொன்னேனேம்மா.”

“ஆமாங்க. மறுபடி சொல்லுங்க.”

முதல் தடவை சொன்னது பச்சை அட்டை நோட்டில் ஏறும். இரண்டாம் தடவை சொன்னது சிவப்பு அட்டை நோட்டில். அறைக்குப் போய் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம். மனிதரை நம்புகிறவர் செய்கிற வேலையா இது? மீன்கூடை தூக்கும் பெண்கள் அவருக்கு மறுபடியம்மா என்று பேர் வைத்தார்கள். அந்த அம்மா தன் சொந்தப் பேரைச் சொல்லித்தான் பழகினார். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

வயது நாற்பத்தைந்து இருக்கும். நூல் புடவை, ஆம்பளை வாட்ச், கறுப்புக் குடை. காரைக்காலில் ஒரு மாடி அறையில் தங்கியிருந்தார். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து வருவார். சொந்த ஊர் மெட்ராஸ். வேலை ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில். பேச்சு ரேடியோவில் வருகிற தமிழ் மாதிரி இருக்கும்.

எமர்ஜென்சி முடிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நோட்டும் பேனாவுமாக யாராவது கரையில் நடந்தால், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் என்று ஆண்கள் வல்லத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட காலம் அது. அந்த அம்மா முதல் நாள் வந்தபோதும் பாதிப் பேர் அப்படித்தான் போனோம். பொழுது ஏறிக் கரைக்கு வந்தால், குடையை விரித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

“ஏங்க எல்லாரும் என்னைப் பார்த்ததும் கடலுக்குப் போயிட்டீங்க?” என்று கேட்டார்.

“மீன் கூப்டுச்சு” என்றார் அஞ்சப்பன். எங்கள் ஊரில் அவர்தான் வயதில் மூத்தவர்.

அதையும் எழுதிக்கொண்டார்.

என்ன படிக்கிறார் என்று என் பெண்டாட்டி செல்லம்மாள்தான் கேட்டாள். அவளுக்கு வாய் அதிகம். அந்த அம்மா மணலில் குடை நுனியால் ஒரு படம் போட்டார். இது ஜப்பான், இது பர்மா, இது சிலோன், இது அரபு நாடு, மொத்தமும் ஆசியா என்றார். இந்த நாடுகளிலெல்லாம் சாமி கும்பிடுகிறவர்கள் எப்படிக் கும்பிடுகிறார்கள், யார் முன்னால் நிற்கிறார்கள், யார் பின்னால் நிற்கிறார்கள், அந்த வரிசை ஓட்டுப் போடும்போது என்ன ஆகிறது, இதுதான் படிப்பு என்றார்.

“எங்க சாமி மாசி மகத்துக்குக் கடலுக்குல்ல போறாரு. அங்க யாரும்மா ஓட்டுப் போடுவா? சுறாவா?” என்றாள் செல்லம்மாள்.

“இதே கேள்வியை ஜாவாவிலயும் கேட்டிருக்கேன்.”

“அங்கயும் ரெண்டு தடவையா?”

“அங்கே மூணு தடவை.”

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

திருவேட்டக்குடிக்குப் போய்க் கேட்டார். கருக்களாச்சேரியில் கேட்டார். தர்காவில், சர்ச்சில், கட்சி ஆபீசில் எல்லாம் கேட்டார். எங்கள் நாட்டாரிடம், அதாவது ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரிடம், சாமிக்குப் பட்டு யார் கொடுத்தது என்று கேட்டார். தேர்தலில் நின்றவர் என்றார் நாட்டார்.

“ஜெயிச்சவரா, தோத்தவரா?”

“ரெண்டு பேருந்தாம்மா. சாமி யாருகிட்டயும் வேணாம்னு சொல்ல மாட்டாரு.”

பத்து நாள் கழித்து அதையே கேட்டபோது நாட்டார் ஜெயித்தவர் பேரை மட்டும் சொன்னார். அதற்குள் ஜெயித்தவரால் ஊருக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அந்த அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

எந்த வீட்டிலும் தண்ணீர் குடிக்க மாட்டார். பையில் ஒரு பிளாஸ்டிக் புட்டி இருக்கும். செல்லம்மாள் ஒருநாள் செம்பை நீட்டினாள். வேண்டாம் என்றார்.

“எங்க வீட்டுத் தண்ணி எறங்காதோ?”

“உங்க வீட்ல குடிச்சா எல்லார் வீட்லயும் குடிக்கணும்மா. ஒரு வீடு விட்டாலும் தப்பாயிடும்.”

“அப்ப எல்லார் வீட்லயும் குடிங்களேன். ஒங்க வயிறு என்ன வாடகை வயிறா?”

செம்பு செல்லம்மாள் கையிலேயே இருந்தது. அன்றைக்கு அவள் என்னிடம் சொன்னாள். “இது நம்மள எடை போடுற ஆளு. சூதானமா பேசுங்க.”

அவள் சொல்வதற்கு முன்னாலேயே நான் பேசிவிட்டிருந்தேன்.

பேசியது இதுதான். மேற்கே உள்ள பெருமாள் கோயிலிலிருந்து மாசி மகத்துக்குச் சாமி கடலாட வருவார். ஊர் எல்லை வரைக்கும் கோயில் ஆட்கள் தூக்கி வருவார்கள். அங்கிருந்து எங்கள் தோள். பல்லக்குக்கு முன்னால் இரண்டு தண்டு, பின்னால் இரண்டு தண்டு. ஊரில் நாலு குடும்பத்துக்கு அந்த நாலு தண்டு. எங்களுடையது வலது பின் தண்டு. கரையோரம் வடக்கே போகும்போது கடல் பக்கம் அதுதான். சாமி இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது முதல் அலை அந்தத் தண்டுக்காரன் மேல்தான் விழும். என் அப்பாவுக்குத் தோளில் காய்ப்பு இருந்தது. எனக்கும் உண்டு. நான் படித்தது மூணாம் வகுப்பு. சொந்தமென்று ஒரு வல்லம், ஒரு வீடு. ஊரில் என்னை ஓர் ஆளாகக் காட்டியது அந்தத் தண்டுதான்.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கேட்டார். யார் தூக்குவார்கள் என்றார். சொன்னேன். யார் தூக்கக் கூடாது என்றார். அதையும் சொன்னேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இவ்வளவு படித்தவர் என் வாயைப் பார்த்து எழுதுகிறார் என்று.

யார் தூக்கக் கூடாது என்றால் தெற்குத் தெருக்காரர்கள். எங்கள் சாதிதான். ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன்னால் வேறு ஊர்களிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாகவும் பிழைக்கவும் வந்தவர்கள். வந்தவங்க என்றுதான் சொல்வோம். திருவிழாவில் விளக்குப் பிடிப்பார்கள், பந்தல் போடுவார்கள். தண்டைத் தொட மாட்டார்கள். என் வல்லத்தில் தொழில் செய்த முருகையன் அந்தத் தெரு. பன்னிரண்டு வருஷம் என்னோடு கடலுக்கு வந்தவன்.

அந்த வருஷம் மார்கழிக் கடைசியில் ஊருக்குள் ஒரு பேச்சு கிளம்பியது. காரைக்காலைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் கோயில் உரிமைகளை எல்லாம் கணக்கெடுக்கிறார்கள், இந்த அம்மாவை அதற்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. எல்லோரும் நம்பினோம். நாட்டார் ஊர்க் கூட்டம் போட்டார்.

“நாலு குடும்பந்தான் தூக்கும்னு எழுத்துல போச்சுன்னா, நாளைக்கு ஆபீசரு வந்து மத்தவன் ஏன் தூக்கக் கூடாதுன்னு கேஸு போடுவான். கேஸு போட்டா சாமி கடலுக்கு வர்றதே நின்னு போயிரும். அதனால எல்லாரும் ஒரே பதிலா சொல்லணும். நம்ம ஊர்ல எடம் கிடம் எதுவும் கெடையாது. யாரு வேணாலும் தூக்குவோம். அந்த அம்மா எத்தினி தடவ கேட்டாலும் இதேதான்.”

பிறகு கேட்டார். “யாராச்சும் முன்னாடியே ஏதும் ஒளறி வச்சிருக்கீங்களா?”

நான் மண்ணைப் பார்த்தேன்.

நாட்டாரே ஒரு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த அம்மா மாதிரி நின்றார். ஒவ்வொருத்தராகக் கேட்டுப் பழக்கினார். அஞ்சப்பன் முறை வந்தது.

“சாமிய யாருங்க தூக்குவாங்க?”

“யாரு வேணாலும் தூக்குவோம்.”

“மறுபடி சொல்லுங்க.”

“யாரு வேணாலும் தூக்குவோம். எங்க நாலு குடும்பத்துல.”

கூட்டமே சிரித்தது. நாட்டார் தலையில் அடித்துக்கொண்டார். அஞ்சப்பனை மட்டும் அந்த அம்மா வரும் நாளில் வீட்டுக்குள் வைத்துவிடுவது என்று முடிவானது.

தெற்குத் தெருக்காரர்கள் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நாட்டார் அந்தப் பக்கம் திரும்பினார்.

“ஒங்களுக்குந்தாண்டா. கேட்டா, நாங்களும் தூக்குவோம்னு சொல்லணும். புரியுதா?”

“புரியுது நாட்டாரே” என்றான் முருகையன்.

அப்போது அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

தை பிறந்ததும் அந்த அம்மா சிவப்பு நோட்டோடு வந்தார். நான் தனியாக இருந்த நேரம் எத்தனையோ உண்டு. வலை கட்டும்போது தனியாக இருப்பேன். வீட்டு வாசலில் இருப்பேன். அங்கெல்லாம் கேட்கவில்லை. கரையில் மீன் ஏலம் நடக்கும்போது, சுற்றி முப்பது பேர் நிற்க, வந்து கேட்டார். முருகையன் என் பக்கத்தில் கூடையோடு நின்றான்.

“மாசி மகத்துல சாமியை யாருங்க தூக்குவாங்க?”

நாட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். “எடமெல்லாம் கெடையாதும்மா. யாரு வேணாலும் தூக்குவோம்.”

“கடல் பக்கத்துப் பின் தண்டு?”

“அதுவுந்தான்.”

“மறுபடி சொல்லுங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சத்தமாகவே சொன்னேன். “கடல் பக்கத்துப் பின் தண்ட யாரு வேணாலும் தூக்கலாம்.”

“அப்படியாண்ணே?” என்றான் முருகையன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சிரித்தானா என்று ஞாபகம் இல்லை.

அதற்குப் பிறகு கடலில் ஒன்றைக் கவனித்தேன். வழக்கமாக எல்லோரும் மீன்குழம்புச் சோறு கட்டிக்கொண்டு வருவோம். முருகையன் வெறும் பழையதும் மிளகாயும் கொண்டுவந்தான். வயிறு சரியில்லையா என்றேன். ஆமாம் என்றான். செல்லம்மாளிடம் சொன்னபோது, “நீங்க மாசி பொறந்து வெரதம் இருக்கையில இதத்தானே திங்கிறீங்க?” என்றாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

மாசி மகத்தன்று ஊர் எல்லையில் பல்லக்கை வாங்க நின்றோம். மற்ற மூன்று தண்டிலும் குடும்பத்தில் நாலைந்து பேர் தோள் சேர்த்தார்கள். என் அண்ணன் அதற்கு முந்தின வருஷம் தவறிவிட்டார். எனக்குப் பையன் இல்லை. என் தண்டில் நான் ஒருத்தன்தான். குனிந்து தோளைக் கொடுத்தேன். எனக்கு முன்னால் இன்னொரு தோள் வந்தது. முருகையன். குளித்து, துவைத்த வேட்டி கட்டி, துண்டைத் தோளில் மடித்துப் போட்டுத் தயாராக இருந்தான்.

“டேய் முருகையா, எடத்த விடுறா” என்று கத்தினார் நாட்டார்.

“எந்த எடம் நாட்டாரே? எடமே கெடையாதுன்னீங்க. எனக்கும் சொல்லிக் குடுத்தீங்க. இந்த அண்ணன் ஏலத்துல ரெண்டு தடவ சொல்லுச்சு, ஊரே கேட்டுச்சு.”

அவன் குரலில் சண்டை இல்லை.

அந்த அம்மா பத்தடி தள்ளிக் குடையின் கீழ் நின்றார். அன்றைக்கு நோட்டை வெளியே எடுக்கவில்லை. நாட்டார் அவரைப் பார்த்தார். பிறகு கோயில் ஆட்களைப் பார்த்தார். “சரி சரி, தூக்குங்கப்பா. வெயிலேறுது” என்றார்.

நான் தோளை எடுத்துவிட்டேன்.

இருந்திருக்கலாம். இரண்டு பேராகத் தூக்கியிருக்கலாம். எடுத்துவிட்டேன். தெற்குத் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். சாமி என்னைத் தாண்டிப் போனார். ஊர் சாமியைக் கும்பிட்டது. அந்த அம்மா சாமியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீரில் முதல் அலை அடிக்கும் முன்னால் முழங்காலை மடக்க வேண்டும். முருகையனுக்குத் தெரியவில்லை. தண்டு சரிந்து, பிறகு நிமிர்ந்தது. கரையிலிருந்து பார்த்தேன்.

பிறகு ஏழெட்டு வருஷம் கழித்து ஒருத்தி செல்லம்மாளிடம் ஒரு விஷயம் சொன்னாள். எந்த வீட்டிலும் தண்ணீர் குடிக்காத மறுபடியம்மா, முருகையன் வீட்டில் மோர் குடித்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று. செல்லம்மாள் முருகையன் பெண்டாட்டியிடம் நேராகவே கேட்டாள். அவள் சிரித்துவிட்டு மீனை அரிந்துகொண்டிருந்தாள். குடித்தாரா, இல்லையா, எனக்குத் தெரியாது. அந்த அம்மாவைப் பற்றி என்னிடம் இருப்பதெல்லாம் இப்படிப்பட்ட விஷயங்கள்தான். எதுவும் ஒரு பக்கமாக உட்காராது.

ஆனால் மாசி மகத்துக்கு மறுநாள் எனக்கு இந்த மோர் விஷயம் தெரியாது. எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. முருகையன் தூக்கியதைப் பற்றிப் பேச, அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் நாட்டார் பஞ்சாயத்துக் கூட்டுவதாகச் சொல்லியிருந்தார். தண்டு எங்கள் நாலு குடும்பத்துக்குத்தான் என்று பழைய எழுத்து ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள் என்றார். எங்கள் ஊரில் ஏது எழுத்து? பச்சை நோட்டு ஒன்றுதான் எழுத்து.

காரைக்காலுக்குப் போய் மாடி ஏறினேன். கட்டில் மேல், நாற்காலி மேல், எல்லாம் காகிதக் கட்டு. சுவரில் ஆசியாப் படம். ஊர் ஊராகக் குண்டூசி குத்தியிருந்தது. உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“நாளைக்குப் பஞ்சாயத்து. நான் மொதல்ல சொன்னது பச்சை நோட்டுல இருக்கு. நீங்க வந்து படிச்சுக் காட்டணும். கூட்டத்துல கட்டுன பொய்க்கு முன்னாடி சொன்னது அது. அது போதும், தண்டு திரும்பிடும்.”

“பொய்னு எனக்குத் தெரியுங்க” என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கு உடம்பு கூசியது.

“அப்ப வாங்க.”

“நீங்க சொன்னது முழுசா ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

நோட்டை எடுத்தார். பக்கம் தேடவில்லை. உடனே விரித்தார். படித்தார். நாலு தண்டு, நாலு குடும்பம், அப்பா தோள், அலை எல்லாம் சரியாக இருந்தது. நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.

“ ‘வந்தவங்க தொட மாட்டாங்க. தொட விட மாட்டோம். எங்க வல்லத்துல முருகையன்னு ஒருத்தன் இருக்கான். நல்லவன்தான். கடல்ல உயிரக் குடுப்பான். ஆனா அவன் தோள்ல ஏறுன சாமிய நான் கும்பிட மாட்டேன்.’ ”

என் வார்த்தைதான். ஒன்றுகூட அவர் சேர்க்கவில்லை.

“பாதியைப் படிக்க என்னால முடியாதுங்க. படிச்சா இந்தப் பக்கம் முழுசும் படிப்பேன். முருகையன் கூட்டத்துக்கு வருவாரில்லையா?”

“வருவான்.”

“படிக்கட்டுமா?”

நாளைக் காலையில் வல்லம் தள்ள வேண்டும். வலையின் ஒரு தலை என் கையில், மறு தலை அவன் கையில். பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். ஒருமுறை காற்றில் வல்லம் கவிழ்ந்தபோது என் தலைமயிரைப் பிடித்து மேலே இழுத்தவன் அவன். அந்த அம்மாவிடம் அதையும் சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“வேணாம்” என்றேன்.

நோட்டை மூடினார். எனக்கு நல்லது செய்வதற்காகத்தான் படித்தாரா, வாயைக் கட்டுவதற்காகப் படித்தாரா, இன்றுவரை தெரியவில்லை.

கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன்.

“ஏலத்துல, அவன் பக்கத்துல நிக்கறப்ப, ஏம்மா கேட்டீங்க?”

“கேட்க வேண்டிய நாள் வந்திருந்தது. நான் நாள் கணக்குதான் பார்ப்பேன்.”

“நான் தனியா இருந்த நாளே இல்லியா?”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு சொன்னார். “நான் உங்க ஊரை மாத்த வரலைங்க. என்ன நடக்குதுன்னு பார்க்கத்தான் வந்தேன்.”

“மாறிடுச்சேம்மா” என்றேன்.

அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவைத் திறந்து, தேதி போட்டு, நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.